காணாப் பொருள் – 9: கண்ணாடியில் விழுந்த தடம்

சென்ற வாரம் ராசிங்காபுரத்தைத் தாண்டி, பொட்டிபுரம் போகும் பாதையில் அம்பரப்பர் மலைக்கு எதிரே நிறுத்தியிருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். வடக்கே போடிமெட்டு ஏறும் வளைவுகள், தெற்கே தேவாரம். ஏலத்தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியற்காலையிலேயே மெட்டு ஏறிவிடும். அப்புறம் அடிவாரம் பகல் முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும். மேலே சரிவில் ஏலச்செடி நனைந்துகொண்டிருக்கும் மாதங்களிலும் இங்கே மானாவாரிக் காட்டில் புழுதி பறக்கும். மழை மறைவுப் பக்கம் அப்படித்தான்.

இந்த மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்பை அடுக்கி, நியூட்ரினோ என்னும் துகளைப் பார்ப்பது என்பது திட்டம். இன்றுவரை சுரங்கம் தோண்டப்படவில்லை. சென்ற இதழை முடிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் உங்களிடம் விட்டிருந்தேன். அவ்வளவு சின்னப் பொருளைப் பார்க்க வேண்டுமென்றால் நல்ல மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கி வைத்துப் பார்க்க வேண்டியதுதானே, எதற்காக ஒரு மலை?

அபத்தமான கேள்வி என்று யாரும் சிரிக்க வேண்டாம். மைக்ராஸ்கோப்பை வைத்துத்தான் பார்த்தார்கள். அதுவும் ஒரு மலையில். அந்த மலை இங்கிருந்து வெகுதூரத்தில், டார்ஜிலிங்கில் இருந்தது.

*

அங்கே போவதற்கு முன் மைக்ராஸ்கோப் என்னும் நுண்ணோக்கிக்கு எது எட்டும், எது எட்டாது என்று பார்த்துவிடுவோம். ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் அப்பே 1873இலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு பார்க்கும்வரை, ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறுக்குக் கீழே இருப்பதைப் பிரித்துப் பார்க்க முடியாது. லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் முடியாது. ஒளியின் அலையே அதைவிடப் பெரிது. ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சலாம் என்று 1931இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் வழி கண்டார்கள். 1940களில் நீரஜ்நாத் தாஸ்குப்தா கல்கத்தாவில் அத்தகைய கருவி ஒன்றைச் சொந்தமாகவே கட்டி முடித்தார். இந்தியாவின் முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அது.

போடிக்காரர்களுக்கு இதன் அருமை தெரிய வேறெங்கும் போக வேண்டாம். ஏலத்தோட்டத்தில் கட்டே நோய் விழுந்தால் இலையில் வெளிர்பச்சைக் கோடு கோடாக ஓடும், செடி குன்றும், சில ஆண்டுகளில் தூரே பாழாகும். அசுவினி பரப்பும் வைரஸ் அது. சுமார் 650 நானோமீட்டர் நீளமும் பன்னிரண்டு நானோமீட்டர் தடிமனும் உள்ள வளையும் இழை. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் ஆயுள் முழுக்க உற்றுப் பார்த்தாலும் சிக்காது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நூல்துண்டு போலக் கிடக்கும்.

ஆனால் அணுவுக்குள்ளிருந்து தெறிக்கும் துகளின் உருவம் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் அகப்படாது. அது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, தோட்டத்துக்குள் ராத்திரி யானை வந்து போனதை விடிந்தபின் காவலாளி கண்டுபிடிக்கும் வழிதான். யானையை அவர் பார்த்திருக்க மாட்டார், தடத்தைப் பார்ப்பார். எந்தத் திசையில் போனது, குட்டி கூட இருந்ததா, மிரண்டு ஓடியதா, எல்லாவற்றையும் தடம் சொல்லிவிடும்.

துகளின் தடம் பதிய ஈர மண் வேண்டுமே? அது ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கிடைத்தது.

*

1938 ஜனவரி. இந்திய அறிவியல் காங்கிரசின் வெள்ளி விழா கல்கத்தாவில் நடக்கிறது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜெர்மனியின் வால்தர் போத்தே. அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் தேவேந்திர மோகன் போஸ், ஜகதீச சந்திர போஸின் சகோதரி மகன். பேச்சு காஸ்மிக் கதிர்களைப் பற்றி, அதாவது விண்வெளியிலிருந்து ஓயாமல் பூமியின் மேல் வந்து விழும் துகள்களைப் பற்றி. அவற்றைப் பிடிக்க மேகக்கூடம் என்ற கருவி ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது பருமனானது, பழுதாகிக்கொண்டே இருப்பது. அதற்குப் பதிலாக வெறும் போட்டோ தகட்டை மலை உச்சியில் கொண்டுபோய் வைத்தால் என்ன?

அதற்கு முந்தைய ஆண்டு வியன்னாவின் மரியெட்டா பிளாவும் ஹெர்த்தா வாம்பாஹரும் அதைத்தான் செய்திருந்தார்கள். ஆல்ப்ஸ் மலையில் 2,300 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் தகடுகளை வைத்தெடுத்து, அணுக்கரு ஒன்று வெடித்துச் சிதறிய தடத்தை நட்சத்திர வடிவில் கண்டிருந்தார்கள். போஸ் கல்கத்தாவில் பேசிக்கொண்டிருந்த அதே 1938இல், யூதர் என்பதால், பிளா ஆஸ்திரியாவை விட்டே ஓட வேண்டியதாயிற்று. இந்தக் கதையில் கருவிக்கும் அரசியலுக்கும் நடக்கும் முதல் மோதல் இது. கடைசி மோதல் இல்லை.

போஸோடு சேர்ந்தவர் பிபா சௌத்ரி. 1913இல் பிறந்தவர், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். இருவரும் இல்ஃபோர்டு கம்பெனியின் தகடுகளை டார்ஜிலிங்குக்கும், அதற்கும் மேலே 3,600 மீட்டர் உயர சந்தக்பூவுக்கும் அனுப்பினார்கள். தகடுகள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தன.

தகடு என்றால் என்னவென்று இன்றைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடி. அதன் மேல் ஜெலட்டின் பூச்சு. பூச்சுக்குள் வெள்ளி புரோமைடு துகள்கள். மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று பூச்சை ஊடுருவிப் போனால், வழியில் உள்ள வெள்ளி மணிகளைத் தொட்டுவிட்டுப் போகும். பிறகு இருட்டறையில் தகட்டைக் கழுவினால் தொடப்பட்ட மணிகள் மட்டும் கறுப்பாகும். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால், கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். துகள் போன பாதை அதுதான்.

சொல்ல எளிது. அவ்வளவு பெரிதாக்கும்போது ஒரு நேரத்தில் கண்ணில் படுவது கடுகளவுகூட இல்லாத இடம். பூச்சின் ஆழமோ ஒரே பார்வையில் தெளியாது. குமிழைத் திருகி மேலே, கீழே என்று போய்க்கொண்டே தகட்டை அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். நாள் முழுக்கத் துழாவி ஒன்றும் அகப்படாமல் எழுந்து போவதே வழக்கம். அகப்பட்டால் அடுத்த வேலை தொடங்கும். புள்ளிக்கும் புள்ளிக்கும் எவ்வளவு இடைவெளி? பாதை எங்கெங்கே எத்தனை பாகை வளைகிறது? லேசான துகள் வழியில் உள்ள அணுக்களில் முட்டி அதிகம் தடுமாறும். கனமான துகள் நேரே போகும். தடுமாற்றத்தை அளந்தால் துகளின் நிறை வந்துவிடும்.

போஸும் பிபாவும் அளந்தார்கள். எலெக்ட்ரானைப் போல ஏறக்குறைய 200 மடங்கு என்று வந்தது. எலெக்ட்ரானும் இல்லை, புரோட்டானும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. 1940 முதல் 1942 வரை லண்டன் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளிவந்தன.

இனி ஒரு படிதான் பாக்கி. அவர்களிடம் இருந்தவை ‘ஹாஃப்டோன்’ தகடுகள். பூச்சு மெல்லியது, வெள்ளி மணி குறைவு. நுட்பமாக அளக்க அதைவிட நல்ல தகடு வேண்டும். இங்கிலாந்துக்கு எழுதினால் வரும்.

வரவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நல்ல தகடு கல்கத்தாவுக்குக் கிடைக்க வழியே இல்லை. பிபா சௌத்ரி அந்த வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மான்செஸ்டருக்குப் போய், அங்கிருந்த இயற்பியலாளர் பிளாக்கெட்டிடம் வேறொரு தலைப்பில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தார்.

போர் முடிந்தது. இல்ஃபோர்டு மேம்பட்ட தகடுகளைச் செய்தது. அவை பிரிஸ்டலில் செசில் பவலின் கைக்குப் போயின. அதே முறை, மலை உச்சி, மைக்ராஸ்கோப், அளவு. 1947இல் பவலின் கூடத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலையில் இருந்த மரியெட்டா குர்ஸ் என்ற பெண்ணின் கண்ணில் அந்தத் தடம் முதலில் பட்டது. ஒரு துகள் வந்து நிற்கிறது, நின்ற இடத்திலிருந்து இன்னொன்று கிளம்புகிறது. வந்தது பையான், கிளம்பியது மியூவான். 1950இல் நோபல் பரிசு பவலுக்கு வந்தது.

டார்ஜிலிங் தகடுகளில் பையானும் மியூவானும் கலந்தே கிடந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று யோசித்துப் பார்த்தால் தோன்றுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுக்குத் தகட்டில் மணிகள் இல்லை. கல்கத்தாவுக்கு அந்த நோபல் பரிசு அறிவுக் குறைவால் கைநழுவவில்லை, ஒரு பெட்டி கண்ணாடித் தகடு இல்லாமல் கைநழுவிற்று. இதை நான் வருத்தத்தோடு எழுதவில்லை, கணக்காக எழுதுகிறேன். அடிப்படை ஆராய்ச்சியில் கருவி வைத்திருப்பவன்தான் அரசன். மற்றவர்கள் நல்ல யோசனை சொன்னவர்கள் என்ற பெயரோடு நின்றுவிடுவார்கள். பிபா 1949இல் ஹோமி பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். 1991இல் மறைந்தார். 2019இல் ஒரு விண்மீனுக்கு ‘பிபா’ என்று பெயர் சூட்டினார்கள். உயிரோடிருந்த காலத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை அதில் நூறில் ஒரு பங்கும் இல்லை.

*

சரி, நியூட்ரினோ எங்கே?

அதுதான் சிக்கல். போட்டோ தகட்டில் தடம் விழ மின்னூட்டம் வேண்டும். நியூட்ரினோவுக்கு அது இல்லை. 1930இல் வுல்ஃப்காங் பவுலி இப்படி ஒரு துகள் இருந்தே ஆக வேண்டும் என்று காகிதத்தில் எழுதியபோதே, இதை யாராலும் பிடிக்க முடியாதோ என்று அஞ்சினார். சூரியனிலிருந்து மட்டும் உங்கள் சுண்டுவிரல் நகத்தின் மேல் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி நியூட்ரினோக்கள் விழுந்து, நகத்தைத் தாண்டி, பூமியைத் தாண்டி, மறுபக்கம் வெளியேறுகின்றன. நகத்துக்கும் தெரியாது, பூமிக்கும் தெரியாது. பொட்டிபுரத்தில் இந்தத் திட்டத்தை எதிர்த்து நடந்த சண்டையின்போது நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். அது தவறு. ராசிங்காபுரத்தில் மலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுரங்கம் வந்தாலும் வராவிட்டாலும், நியூட்ரினோ மழை அதேதான். எதிர்த்தவர்களுக்கு வேறு நியாயமான பயங்கள் இருந்தன. அவற்றுக்கு வருவோம்.

கோடி கோடியாகப் போவதில் எப்போதோ ஒன்று, வழியில் ஓர் அணுக்கருவில் மோதிவிடும். மோதினால் அங்கிருந்து மியூவான் ஒன்று கிளம்பலாம். மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு, தடமும் உண்டு. அந்தத் தடத்தைப் பிடித்தால் நியூட்ரினோ வந்து போனதற்குச் சாட்சி கிடைத்துவிடும்.

ஆனால் தரைமட்டத்தில் காஸ்மிக் கதிர்கள் கொண்டுவரும் மியூவான் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் நியூட்ரினோ பெற்ற மியூவானை எங்கே தேடுவது? கூட்டம் நுழைய முடியாத இடத்துக்குப் போக வேண்டும். தலைக்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் பாறை வேண்டும்.

மலை தேவைப்பட்டது இதற்காகத்தான். முதலில் அகப்பட்டது மலை அல்ல, ஒரு பள்ளம்.

*

கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் போன தமிழ்க் கூலிகள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய பள்ளம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பூமிக்குள் அவ்வளவு ஆழத்துக்கு, லிஃப்ட் வசதியோடு, ஆள் இறங்கக்கூடிய இடம் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தது. 1951இல் பாபாவின் யோசனைப்படி இளைஞர் ஸ்ரீகண்டன் அங்கே கருவியோடு இறங்கினார். ஆழம் போகப் போக மியூவான் எப்படிக் குறைகிறது என்று அளப்பதே வேலை.

1960களின் தொடக்கத்தில் கருவியை 2,760 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார்கள். ஒசாகாவிலிருந்து வந்திருந்த மியாகேயும், நரசிம்மமும், ராமண மூர்த்தியும் காத்திருந்தார்கள். ஒரு வாரம், ஒன்றும் விழவில்லை. ஒரு மாதம், ஒன்றும் இல்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடியும் பதிவேட்டில் பூஜ்யம்.

வேறு யாராக இருந்தாலும் கருவி பழுது என்று கட்டிக்கொண்டு மேலே வந்திருப்பார்கள். இவர்களுக்கு அந்தப் பூஜ்யம்தான் புதையல். இவ்வளவு ஆழத்தில் மேலிருந்து எதுவும் வருவதில்லை என்றால், இனி இங்கே ஏதாவது ஒரு தடம் தெரிந்தால் அது நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்!

அடுத்த கட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் எம்.ஜி.கே. மேனன். பிரிஸ்டலில் பவலிடம் படித்தவர், போட்டோ தகடும் மைக்ராஸ்கோப்புமாக ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். தகட்டு வித்தையின் வாரிசே தகட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். ஏனென்றால் நியூட்ரினோவைப் பிடிக்கக் கண்ணி பெரிதாக இருக்க வேண்டும். சில சதுர அங்குலத் தகட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயுள் போதாது. சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் சுவர்களை எழுப்பி, நடுவே நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். துகள் போன வழியில் உள்ள குழாய்கள் மட்டும் பளிச்சென்று மின்னும். அதைக் கேமரா படமெடுக்கும். டாட்டா நிறுவனம், ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் என்று மூன்று இடத்து ஆட்கள் சேர்ந்த வேலை.

அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தின் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இன்னொருவர் காத்துக்கொண்டிருந்தார். பிரெடரிக் ரெய்ன்ஸ். 1956இல் அணு உலையிலிருந்து வரும் நியூட்ரினோவை கோவனோடு சேர்ந்து முதன்முதலில் பிடித்தவர் அவரேதான். இப்போது வானத்திலிருந்து வருவதைப் பிடிக்க இறங்கியிருந்தார். பணமும் இருந்தது, கருவியும் பெரிது. 1965 பிப்ரவரியிலேயே அவருக்கு முதல் தடம் விழுந்துவிட்டது.

கோலாருக்கு அது பிறகுதான் கிடைத்தது. ஆனால் கோலார் குழு எழுதி அனுப்பிய கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில் அச்சானது. ரெய்ன்ஸின் கட்டுரை ஆகஸ்ட் 30 இதழில். பதினைந்து நாள் வித்தியாசம். வளிமண்டல நியூட்ரினோவைப் பற்றி உலகத்துக்கு முதலில் அறிவித்த ஊர் கோலார் தங்கவயல். கல்கத்தாவில் கருவி இல்லாமல் தோற்றதை, கோலாரில் பள்ளம் இருந்ததால் ஈடுகட்டினோம் என்று சொல்லலாம். பிபா சௌத்ரியும் பின்னாளில் கோலார் ஆய்வுகளில் பங்கேற்றார் என்பது இந்தத் தொடருக்கு நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் அந்தப் பள்ளம் விஞ்ஞானிகளுக்குச் சொந்தமானதல்ல. தங்கம் கட்டுப்படியாகும்வரைதான் பம்பு ஓடும், லிஃப்ட் இறங்கும். 1990களின் தொடக்கத்தில் ஆய்வுகள் நின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. பம்பு நின்றது, தண்ணீர் ஏறியது. உலகத்தை முந்திய இடம் தண்ணீருக்குள் போயிற்று.

*

பள்ளத்தை நம்பிக் கெட்டவர்கள் அடுத்து மலையைத் தேடினார்கள். 2002இல் ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. முதலில் கண் பட்டது நீலகிரியின் சிங்காரா. பைக்காரா மின்திட்டத்துக்காக ஏற்கெனவே சுரங்கம் குடைந்த மலை, வசதிதான். ஆனால் அது முதுமலையின் யானை வழித்தடம். 2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முடியாது என்றது. தேனி மாவட்டத்துச் சுருளியாற்றைப் பார்க்கலாமே என்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் யோசனை சொன்னார். அங்கே காடு அடர்த்தி. அங்கிருந்து நகர்ந்து வந்த கண் நின்ற இடம்தான் போடி மேற்கு மலை, நாம் எதிரே நிறுத்தியிருந்த அதே அம்பரப்பர் மலை.

எதனால் இங்கே? உயரம் 1,589 மீட்டர். அடிவாரத்திலிருந்து கிடைமட்டமாகவே உள்ளே போகலாம், கோலார் போல லிஃப்டும் பம்பும் வேண்டாம். மதுரை பக்கம். அடிவாரத்தில் புதர்க்காடும் மானாவாரி நிலமுமே அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கல். இங்குள்ளது சார்னோகைட், சென்னைப் பல்லாவரத்து மலைக்கல்லின் இனம்.

இந்த இடத்தில் மைக்ராஸ்கோப் மறுபடி கதைக்குள் வருகிறது. பல்லாவரக் கல்லை ஒரு தனி இனமாகப் பிரித்துக் காட்டியவர் 1890களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து. வெறுங்கண்ணுக்கு அது வெறும் கருங்கல்தான். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, இன்றைய வழக்கப்படி என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்காக மெலிதாக்கி, முனைவாக்கிய ஒளியில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே உள்ள கனிமங்கள் நிறம் நிறமாகத் தங்களைக் காட்டிக்கொடுக்கும். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான கல் இது என்பது அப்படித்தான் விளங்கியது. குடைந்தால் சரியாது, பெரிய குகையைத் தாங்கும் என்ற நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கிறது. நியூட்ரினோவைப் பார்க்க மைக்ராஸ்கோப் போதவில்லை. ஆனால் நியூட்ரினோவுக்கு மலையைத் தேர்ந்தெடுக்க அது வேண்டியிருந்தது.

குகை 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம் என்று திட்டமிட்டார்கள். உள்ளே மூன்று இரும்பு அடுக்குகள். ஒவ்வொன்றிலும் 5.6 சென்டிமீட்டர் தடிமனில் 151 தகடுகள். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே செருக ஏறக்குறைய 29,000 கண்ணாடிப் பெட்டிகள்.

ஆம், கண்ணாடியேதான்! மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு சாதாரணக் கண்ணாடிகள், நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, அதில் பெரும்பகுதி கார் ஏசியில் அடைக்கும் ஆர்-134ஏ வாயு, இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 10,000 வோல்ட். மியூவான் புகுந்து போனால் அந்த இடத்தில் மட்டும் நுண்ணிய மின்பொறி தெறிக்கும். எந்த இடம், எந்த நேரம் என்று ஒரு நானோ நொடித் துல்லியத்தில் மின்னணுக் கருவி குறித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் காத்திருந்து கழுவிப் பார்த்த தகட்டுக்குப் பதிலாக, அந்தக் கணமே சொல்லிவிடும் தகடு. இரும்பைக் காந்தமாக்கியிருப்பதால் மியூவான் வளையும். எந்தப் பக்கம் வளைகிறது என்பதிலிருந்து வந்தது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா என்று பிரித்துவிடலாம். மூன்று வகை நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையை அதை வைத்துக் கண்டுபிடிக்க நினைத்தார்கள்.

கண்ணாடித் தகடும் மைக்ராஸ்கோப்பும் அடியோடு ஓய்வு பெற்றுவிட்டன என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில், 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே, ஓபெரா என்ற சோதனை நடந்தது. ஈயமும் எமல்ஷன் பிலிமும் (பழைய தகட்டில் இருந்தது போன்ற பூச்சு தடவிய பிலிம்) மாறி மாறி அடுக்கிய செங்கல் போன்ற கட்டிகள், எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். 730 கிலோமீட்டர் தொலைவில் ஜெனீவாவிலிருந்து நியூட்ரினோக் கற்றையை அனுப்பினார்கள். எந்தக் கட்டியில் மோதல் நடந்தது என்று தெரிந்ததும் அதைப் பிரித்துக் கழுவி, தானாகவே குமிழ் திருகும் மைக்ராஸ்கோப்புகள் துழாவின. மரியெட்டா குர்ஸின் வேலையைக் கணினி செய்தது. வழியில் ஒரு வகை நியூட்ரினோ இன்னொரு வகையாக மாறிவிட்டதற்கான தடம் 2010இல் ஒன்று கிடைத்தது. 2015க்குள் மொத்தம் ஐந்து. ஐந்தே ஐந்து! டார்ஜிலிங் முறை எழுபத்தைந்து வருடம் கழித்தும் வேலை செய்தது.

நம் பக்கத்தில் இன்று ஓடிக்கொண்டிருப்பது ஒரு குட்டி. மதுரைக்கு மேற்கே வடபழஞ்சியில் 85 டன் எடையில் மாதிரிக் கருவியைக் கட்டி 2018 முதல் இயக்குகிறார்கள். பதினோரு அடுக்கு இரும்பு, அதே கண்ணாடிப் பெட்டிகள். தலைக்கு மேல் மலை இல்லாததால் நியூட்ரினோவைப் பார்க்க அதனால் முடியாது. கருவி இருக்கிறது, மலை இல்லை. கல்கத்தாக்காரர்களுக்கு மலை இருந்தது, நல்ல தகடு இல்லை.

*

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,583 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பிப்ரவரியில் வைகோ வழக்குப் போட்டார். மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வராமல் வேலையைத் தொடங்கக்கூடாது என்றது. வெடி வைத்தால் நிலத்தடி ஊற்று என்னாகும், லட்சக்கணக்கான டன் கல்லை எந்தச் சாலையில் கொண்டுபோவார்கள், மந்தை மேயும் நிலத்துக்கு வேலி போட்டால் ஆடு எங்கே போகும் என்று அடிவாரத்தில் கேட்டார்கள். பதிலாகக் கிடைத்தது பெரும்பாலும் நியூட்ரினோவைப் பற்றிய பாடம். என் அபிப்பிராயத்தில் திட்டம் தடுமாறியது அங்கேதான். கேள்வி மலையைப் பற்றி, பதிலோ துகளைப் பற்றி.

ஆனால் திட்டத்தை நிறுத்திப் பிடித்தது கூட்டமும் கோஷமும் மட்டும் அல்ல. சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் விரித்த ஒரு வரைபடமும் அதில் சேரும். 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தபோது யாரும் அழுத்திப் பார்க்காத ஒரு கோடு அதில் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவின் எல்லை அது. திட்ட இடத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஒரு சட்டம், உள்ளே என்றால் இன்னொரு சட்டம்.

அளவு 4.9 கிலோமீட்டர் என்று வந்தது. 2017 மார்ச் 20 அன்று தீர்ப்பாயம் என்ன சொன்னது, அந்த நூறு மீட்டர் எத்தனை ஆண்டுகளை விழுங்கியது என்பது அடுத்த வாரம்.